கைக்கூலியும் ஆட்சி முறைகளும்

(ஓமந்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கைக்கூலி என்பது. இலஞ்சம், பரிதானம், கையூட்டு என்று பல பெயரால் வழங்கும் இத்தீமையை உலகத்து ஆட்சிகள் எவ்வெவ்வாறு எதிர்த்துப் போரிட்டன, எவை வென்றன, எவை தோற்றன, தோற்றவை ஏன் தோற்றன என்பவற்றை ஒப்புநோக்கிப் பார்ப்பதே நம் நோக்கம். வேறு ஊரில் இதனைப் பேசினால் பொதுப்பட ஒரு விஷயத்தைப் பேசியதாக முடியும். திண்டிவனத்தை அடுத்த இவ்வோமந்தூரிலோ, இதனைப் பேசுவது ஊரின் பெயருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.

காரணம் யாவரும் அறிந்ததே. 1895-ஆம் ஆண்டு இவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார் அவர்கள் 1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றார். தேசம் விடுதலை பெற்ற நாளில் இப்பெரிய மாகாணத்தின் தலைமை அவர் கையில் இருந்தது. ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும், ஜமீன்தாரி முறையை முடித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்தில் நிறைவேறியவை. அவர்தம் தூய்மையைப் பற்றி அவரை எதிர்த்தவரும் ஐயுற்றதில்லை. ஆயினும் 1949-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6-ஆம் நாள், பதவி ஏற்று இரண்டாண்டும் சில நாட்களுமே கடந்த நிலையில், அவர் விலகினார். அவரை விலகச் செய்தது மாற்றுக் கட்சியன்று. தம் கட்சியினுள்ளே எழுந்த அதிருப்தியே.

ஆகவே நமக்கு ஒரு வினா எழுகின்றது. தலைவன் தூயவனாயிருந்தால் ஆட்சி தூயதாகிவிடுமா? ஆகிவிடுமாயின் அத்தலைவன் ஏன் நிலைக்கவில்லை? ஆகாதாயின் வேறு என்ன வேண்டும்? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு உலகத்தைச் சிறிது சுற்றி வருவோம்.

முதற்கண், கைக்கூலி என்பது யாது எனத் தெளிவோம். அது மூன்று வகைப்படும். சட்டப்படி நமக்கு உரியதைப் பெறுவதற்கே பணம் கொடுக்க நேர்வது ஒருவகை. பட்டா மாற்றத்திற்கும் சாதிச் சான்றுக்கும் கொடுப்பது போல்வது. சட்டப்படி நமக்கு உரித்தல்லாததைப் பெறப் பணம் கொடுப்பது இரண்டாம் வகை. புறம்போக்கை வளைப்பவன் கொடுப்பது போல்வது. பணமே கை மாறாமல், உறவென்றும், ஊரென்றும், வகுப்பென்றும், கட்சியென்றும் சொல்லித் தகுதியுடையவனைத் தள்ளித் தம்மவனை முன்னிறுத்துவது மூன்றாம் வகை. முதல் இரண்டையும் உலகம் குற்றம் என்கின்றது. மூன்றாவதைச் சிபாரிசு என்றும் உபகாரம் என்றும் அழகிய பெயரிட்டு அழைக்கின்றது. அதற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. இம்மூன்றாம் வகையை மறவாது நினைவில் வைத்துக் கேட்க வேண்டுகின்றோம். பின்னர் நாம் அதற்கே மீள வேண்டியிருக்கும்.

இனி முடியரசு முறையை நோக்குவோம். அர்த்தசாஸ்திரம் செய்த ஆசிரியர், அரசாங்கப் பொருளை அதிகாரிகள் கவரும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டினார். ஒற்றரை வைத்தல், துப்புக் கொடுத்தவனுக்குப் பரிசளித்தல், கணக்கில் பிழை கண்டால் தண்டித்தல் ஆகிய இவையே அவர் கூறிய மருந்துகள். சீன தேசத்தில் 1368 முதல் 1398 வரை ஆண்ட மிங் வம்சத்து முதற் பேரரசர், கைக்கூலி வாங்கிய அதிகாரிகளை ஆயிரக்கணக்கில் கொல்வித்தார். இதனினும் கடுமையான தண்டம் வேறு என்ன இருக்கக்கூடும்? ஆயினும் அவ்வம்சத்தின் பிற்காலத்தில் இலஞ்சம் மீண்டும் தழைத்தது. அஞ்சிக் கை மடக்கியவன், அச்சம் நீங்கியவுடன் கை நீட்டுவான். மன்னன் ஒருவன் கண்ணயர்ந்தாலும் காக்கவல்ல ஏற்பாடு இல்லாமையே இம்முறையின் குறை.

நம் தொண்டை மண்டலத்திலேயே வேறொரு முறை நடந்தது. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்த விதத்தை அவை கூறுகின்றன. அதனினும் சிறந்தது, யார் தகுதியற்றவர் என்று அவை வகுத்திருப்பதே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் தகுதியற்றவன். அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்களையும் விலக்கினார்கள். அண்மையில் பதவியில் இருந்தவன் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வர இயலாது.

இச்சபை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமணர்க்கே உரியதாயிருந்தது. ஊரிலுள்ள ஏனையோர்க்கு அதில் இடமில்லை. அதனை இன்றைய குடியரசென்று கொண்டாடுதல் மிகையாகும். ஆயினும் பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் அறிந்திருந்த உண்மையொன்றை மறுக்க இயலாது. கணக்குக் காட்டாதவனைக் காப்பது அவன் உறவே. ஆதலின் உறவின் வாயிலாகவே அவனைத் திருத்த வேண்டும் என்பதே அது. தன் ஒருவனால் தன் மருமகனும் பதவி இழப்பான் என்று அறிந்தவன் கணக்கைக் காலத்தில் காட்டுவான். மருமகனும் மாமனைக் கணக்குக் காட்டும்படி நெருக்குவான்.

நிற்க. கும்பினியார் ஆட்சி வந்தது. நம் ஊருக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகளைப் புரட்டினால், கவர்னருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் நஜர் வைத்தலும் வெகுமதி அளித்தலும் அன்றாட வழக்கமாயிருந்தமை புலனாகும். ஆங்கிலக் கும்பினியிலும் அதுவே நிலை. சொற்பச் சம்பளத்தில் வந்தவர்கள் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வராய்த் திரும்பினார்கள். 1773-ஆம் ஆண்டுச் சட்டம் வெகுமதி வாங்குவதைத் தடுத்தது. பின்னர்க் கார்ன்வாலிஸ் பிரபு வங்காளத்துக் கலெக்டரின் சம்பளத்தை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தினார். சம்பளம் போதுமானதாயின் கை நீளாது என்பது அவர் கொள்கை. மேலே இருந்த வெள்ளையர் மட்டில் அது பெரும்பாலும் பலித்தது. கீழே இருந்த சிரஸ்தார், கணக்கன், சேவகன் ஆகியோருக்கு அச்சம்பளமும் இல்லை, மதிப்பும் இல்லை. வரி வசூலுக்காகக் குடிகளை வதைத்த கொடுமைகளை விசாரிக்கச் சென்னையில் ஒரு குழுவே அமைக்க நேர்ந்தது. அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. மாடியைக் கழுவிவிட்டுக் கீழ் வீட்டைச் சேறாக விட்டால் வீடு தூயதாகாது என்பது அக்காலம் கற்பிக்கும் பாடம்.

இங்கிலாந்திலும் அந்நாளில் உத்தியோகங்கள் தயவினாலேயே கிடைத்தன. பிரபுவின் கடிதம் பெற்றவன் குமாஸ்தாவானான். 1854-இல் வெளிவந்த நார்த்கோட், டிரெவெல்யன் அறிக்கை, பரீட்சையால் ஆள் எடுக்க வேண்டும் என்று கூறிற்று; 1870-இல் பொதுப் பரீட்சை முறை பரவலாக வந்தது. அமெரிக்காவிலோ, தேர்தலில் வென்ற கட்சி உத்தியோகங்களையெல்லாம் தன் ஆட்களுக்குப் பங்கிடுவது வெளிப்படையான வழக்கமாயிருந்தது. 1881-ஆம் ஆண்டு, தனக்கு உத்தியோகம் தரவில்லை என்ற ஆத்திரங்கொண்ட ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். சில வாரங்களில் அவர் உயிர் நீத்தார். அதன் பிறகே 1883-இல் பெண்டில்டன் சட்டம் பிறந்து, பரீட்சையின் மூலம் உத்தியோகம் என்ற முறையைத் தொடங்கிற்று. சிபாரிசு என்பது எவ்வளவு கொடிய பசி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கொடுத்தாலும் அடங்காது, கொடாவிடின் கொல்லும்.

நம் நாட்டிலும் இதன் பயனைக் கண்டோம். கர்ணம், மணியம் என்னும் உத்தியோகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிலேயே இருந்தன. 1980-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசாங்கம் அவற்றை ஒழித்தது. அவ்விடத்தில் பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். எந்தக் குடியிற் பிறந்தவரும் அந்நாற்காலியில் அமரலாம் என்றாயிற்று. இது பெரிய நியாயமே. ஆயினும் வருபவர் பரீட்சையில் தேறியவர் என்பதனாலேயே கைத்தூய்மை வந்துவிடாது என்பதை நாம் அறிவோம். பரீட்சை அறிவை அளக்கும், நெஞ்சை அளக்காது. ஆகவே நாற்காலியில் அமர்ந்த பின் அவரைக் கண்காணிக்க ஒரு கண் வேண்டும்.

அக்கண் யாருடையதாய் இருத்தல் வேண்டும்? இதற்கு விடை ஆசியக் கண்டத்து இரு சிறு நகரங்களில் கிடைக்கின்றது. ஹாங்காங் நகரில் போலீஸ் இலாகாவில் உயர்பதவி வகித்த காட்பர் என்னும் ஆங்கிலேயர், தம் சம்பளத்திற்குப் பொருந்தாத நாற்பது இலட்சம் ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு விளக்கம் தர வேண்டிய நிலையில், 1973-இல் ஊரைவிட்டு ஓடினார். ஜனங்கள் வீதியில் திரண்டனர். போலீசாரைப் போலீசாரே விசாரித்தால் நியாயம் எங்ஙனம் கிடைக்கும் என்று கேட்டனர். 1974-இல், போலீசுக்குக் கட்டுப்படாது கவர்னருக்கே நேரே பொறுப்புடைய சுதந்திர ஆணையம் ஒன்று ஏற்பட்டது. காட்பர் மீண்டும் கொண்டுவரப்பட்டு 1975-இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாணையம் விசாரித்தல், முன்தடுத்தல், ஜனங்களுக்குப் போதித்தல் என்ற மூன்று தொழில்களையும் மேற்கொண்டது. 1977-இல் கொதிப்புற்ற போலீசார் சிலர் அவ்வலுவலகத்திலேயே புகுந்து தாக்கினர். அரசாங்கம் சற்றுப் பணிந்து, அவ்வாண்டுக்கு முற்பட்ட குற்றங்கள் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டது. ஆனால் ஆணையத்தைக் கலைக்கவில்லை. பழையதை ஓரளவு மறந்தாலும் புதியதை மன்னியோம் என்னும் உறுதியால் அந்நகரம் மாறிற்று.

சிங்கப்பூரின் கதையும் அத்தன்மையதே. 1951-இல் ஓர் அபின் களவில் போலீசாரே சம்பந்தப்பட்டமை தெரியவந்தது. அதனால் போலீசின் உட்பிரிவாயிருந்த இலஞ்ச ஒழிப்பு வேலை 1952-இல் தனி நிலையமாக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பல் கொடுத்தது. 1991-இல் அரசியல் அமைப்பில் ஒரு திருத்தம் செய்தனர். பிரதம மந்திரியே விசாரணைக்குத் தடை சொன்னாலும், ஜனாதிபதியின் இசைவு பெற்று நிலையத்தின் தலைவர் விசாரணையை நடத்தலாம் என்பதே அது. மந்திரிகளுக்கும் உத்தியோகஸ்தருக்கும் சம்பளம் மிக உயர்வாக நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், அங்கே மந்திரியாயிருந்த தமிழ் வம்சத்தவராகிய எஸ். ஈஸ்வரன் அவர்கள், பதவியிலிருந்தபோது விலையுயர்ந்த பொருள்களைப் பெற்ற குற்றத்தையும் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டு பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இதிலிருந்து இரண்டு அறிகின்றோம். பெருஞ்சம்பளமும் ஆசையை முற்றும் அவிக்காது என்பது ஒன்று. அவியாத ஆசை மந்திரியிடம் தோன்றினும் சட்டம் அவரைத் தொடும் என்பது மற்றொன்று. இரண்டாவதே அந்நகரின் பெருமை.

இவ்விரு நகரங்களும், இவற்றைச் செய்த காலத்தில், கட்சிகள் மாறிமாறி ஆளும் குடியரசுகளாக விளங்கவில்லை. அவ்வாறாயின் கட்டுப்பாடான ஆட்சியே இலஞ்சத்தை ஒழிக்கவல்லது என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் சீனத்தை நோக்குவாராக. அங்கே 2012-ஆம் ஆண்டு முதல் பெரிய வேட்டை நடந்து வருகின்றது. அரசியலின் உச்சியில் இருந்த சோ யோங்காங் என்பவர் 2015-இல் ஆயுள் தண்டனை பெற்றார். 2018-இல் தேசிய மேற்பார்வை ஆணையம் ஏற்பட்டது. ஆயினும் விசாரிப்பதும் கட்சி, விசாரிக்கப்படுவதும் கட்சி, தீர்ப்பளிப்பதும் கட்சியின் நிழலில் இருக்கும் மன்றம். பிடிபட்டவன் குற்றவாளியாதலால் பிடிபட்டானா, எதிரியாதலால் பிடிபட்டானா என்று கேட்கப் பத்திரிகைக்கு உரிமை இல்லை. மிங் பேரரசர் காலத்துக் குறையே வேறு உடை உடுத்து நிற்கின்றது.

குடியரசுகளுக்கும் அபாயம் உண்டு. இந்தோனேசியாவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழல் ஒழிப்பு ஆணையம் மந்திரிகளையும் சட்டசபையாரையும் அஞ்சாது சிறைக்கு அனுப்பியது. அதன் பயன் என்னவெனில், 2019-இல் அச்சட்டசபையே புதிய சட்டம் இயற்றி ஆணையத்தின் சுதந்திரத்தைக் குறைத்தது. மாணாக்கர் வீதியில் இறங்கிக் கதறியும் தடுக்க இயலவில்லை. இலங்கையில் 1954-ஆம் ஆண்டிலேயே இலஞ்சச் சட்டம் வந்தது. 1994-இல் நிலையான ஆணையமும் வந்தது. இருந்தும் 2022-இல் பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்கு ஜனங்கள் நாட்கணக்கில் நின்றனர். வெகுண்ட மக்கள் ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடச் செய்தனர். மறு ஆண்டு புதிய ஊழல் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காவலாளுக்குத் தடி கொடுப்பது போதாது. அத்தடியைப் பறிக்க வருபவன் கையைப் பிடிக்க ஊர் விழித்திருத்தல் வேண்டும்.

ஊர் விழித்திருப்பதற்கு ஒளி வேண்டும். இவ்வொளியை முதலில் ஏற்றியது சுவீடன் தேசம். முடியரசாயிருந்தும், 1766-ஆம் ஆண்டிலேயே அரசாங்கக் காகிதங்களைக் குடிகள் எவரும் பார்க்கலாம் என்று அந்நாடு சட்டம் செய்தது. 1809-இல் அதிகாரிகள்மீது குடிகளின் முறையீட்டைக் கேட்கத் தனி அதிகாரியையும் நிறுவியது. இன்று இலஞ்சம் மிகக் குறைந்த நாடுகளுள் அதுவும் ஒன்று என்று மதிக்கப்படுதலுக்கு இப்பழைய வழக்கமும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. மறைவில் எழுதுவதற்கும் பலர் காண எழுதுவதற்கும் எழுதுபவன் கையில் வேறுபாடு உண்டு.

இனி நம் தேசத்திற்கு வருவோம். இலஞ்சத் தடுப்புச் சட்டம் 1947-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் பிறந்தது. பன்னிரண்டு நாள் கழித்து ஓமந்தூரார் பதவி ஏற்றார். யுத்த காலத்தில் அரிசி, துணி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாவற்றிற்கும் பர்மிட்டும் கட்டுப்பாடும் ஏற்பட்டு, பர்மிட்டு எழுதும் கைக்கெல்லாம் விலை ஏறியிருந்த காலம் அது. பின்னர் 1962-இல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த கே. சந்தானம் அவர்கள் தலைமையில் அமைந்த குழு 1964-இல் அறிக்கை தந்தது. மத்தியில் விழிப்புணர்வு ஆணையமும், நம் மாகாணத்தில் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககமும் அவ்வாண்டில் ஏற்பட்டன. லோக்பால் என்னும் பெரு விசாரணை அதிகாரியைப் பற்றிய முதல் மசோதா 1968-இல் வந்தது, சட்டமானது 2013-இல், முதல் லோக்பால் நியமனம் பெற்றது 2019-இல். ஐம்பத்தோர் ஆண்டு! தங்களைக் கட்டும் கயிற்றைத் தாங்களே திரிக்க வேண்டியவர்கள் எவ்வளவு மெல்லத் திரிப்பார்கள் என்பதற்கு இஃதொரு சான்று.

ஒளி ஏற்றும் வேலையில் மட்டும் குடிகள் முந்திக்கொண்டனர். இராஜஸ்தானத்துக் கிராமங்களில் கூலியாட்கள் 1994-ஆம் ஆண்டு முதல் பொதுக் கூட்டம் கூட்டி, சர்க்கார் கணக்கை உரக்கப் படித்தனர். செத்தவன் பெயரில் கூலியும், கட்டாத கட்டடத்திற்குச் செலவும் எழுதியிருந்தமை ஊரறியப் புலனாயிற்று. 1997-இல் தமிழ்நாடு, மாகாணங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் செய்தது. அதில் விலக்குகள் மிகுதி. 2005-இல் தேசம் முழுமைக்கும் வலிய சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு எழுதினால் முப்பது நாளில் விடை தரவேண்டும் என்பது அதன் விதி. படிப்பில்லாத கிழவியும் தன் ஓய்வூதிய மனு எந்த மேசையில் உறங்குகின்றது என்று கேட்கலாம். வாளினும் கூர்மையான ஆயுதம் இது. நம்மில் எத்தனை பேர் அதனை எடுத்திருக்கின்றோம்?

இலஞ்சம் வாங்குவோனைப் பற்றியே பேசிவந்த சட்டம், 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கொடுப்போனையும் நேரே குற்றவாளியாக்கிற்று என்பதை அங்கத்தினர் அறிந்துகொள்ள வேண்டும். ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவன் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தால் தப்பலாம். ஆகவே, வேறு வழியில்லை, கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருப்பது இனி நமக்குப் பாதுகாப்பன்று. வெளிப்படச் சொல்வதே பாதுகாப்பு.

இத்துணையும் பார்த்த பின் நம் வினாவிற்கு விடை காண்போம். முடியரசு, குடியரசு, ஒரு கட்சி ஆட்சி என்ற பெயர் வேறுபாடு மட்டும் இலஞ்சத்தை ஒழிப்பதில்லை. ஒழித்த இடங்களில் நான்கு தூண்கள் நின்றன. தகுதியால் ஆள் எடுத்தல், போதிய ஊதியம், எவருக்கும் அஞ்சாத தனி விசாரணை, எவரும் காணும் கணக்கு ஆகியவை அந்நான்கு. ஹாங்காங்கில் மூன்றாம் தூண் வலிது. சுவீடனில் நான்காம் தூண் வலிது. குடியரசின் சிறப்பு யாதெனில், ஒரு தூண் சாயும்போது அதனைக் குடிகள் கண்டு கூவலாம் என்பதே. கூவுகின்றார்களா என்பது குடிகளைப் பொறுத்தது.

ஓமந்தூரார் காலத்தில் இத்தூண்களில் பல அப்பொழுதுதான் நாட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் தம் தூய்மை ஒன்றையே தூணாகக் கொண்டு நின்றார். உத்தியோகஸ்தர் வேலையில் கட்சியாரும் சட்டசபையாரும் தலையிடலாகாது என்றார்; சிபாரிசுகளுக்கு இடங்கொடார். அவருக்கு எதிராக அதிருப்தி வளர்ந்ததற்குக் கோஷ்டிப் பிணக்கு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இவ்வுறுதி ஒரு பெருங்காரணம் என்பது பலரும் ஒப்பிய செய்தி. சட்டசபை அங்கத்தினர் தம் சொந்த ஆசையால் மட்டும் சிபாரிசுக் கடிதம் கொண்டு செல்வதில்லை. அவர்தம் வாயிலில் வந்து நிற்போர் யார்? என் மகனுக்கு உத்தியோகம், என் மருமகனுக்கு மாற்றல், என் தம்பிக்கு லைசென்சு என்று கேட்டு நின்றோர் குடிகளே. ஆகவே ஒரு நேர்மையான பிரதம மந்திரி நிலைக்காமல் போனதற்கு, மந்திரி மண்டபத்தில் மட்டுமன்று, ஒவ்வோர் ஊர்த் திண்ணையிலும் காரணம் இருந்தது. பதவி நீங்கிய பின் அவர் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்து வாழ்ந்து 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மறைந்தார். பதவி போயிற்று என்பதனால் அவர் பெயர் குறையவில்லை; சென்னையில் அரசினர் தோட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அன்பர்களே! இங்கே நாம் ஒரு வகுப்பாரின் சங்கமாகக் கூடியுள்ளோம். ஆதலின் முன்னர்ச் சொன்ன மூன்றாம் வகையைப் பற்றி மனம்விட்டுப் பேசுதல் கடமையாகும். எந்த வகுப்பாரின் சங்கமாயினும் அதற்கு ஒரு சோதனை உண்டு. தம்மவர் ஒருவர் தாசில்தாரானார், நீதிபதியானார், மந்திரியானார் என்று கேட்டவுடன் மாலை வாங்குகின்றார்கள், அது தவறன்று. மாலைக்குப் பின்னே மனுக் கட்டும் செல்லுமாயின், அம்மாலை நஜர் ஆகிவிடுகின்றது. பிற வகுப்பார் அவ்வாறு செய்கையில் அதனைச் சாதிச் சலுகை என்று பழிப்பதும், தாம் செய்கையில் அதனை இனப்பற்று என்று புகழ்வதும் நேர்மையாகா. வரிசையில் நின்ற ஏழை ஒருவனின் இடத்தையன்றோ அச்சலுகை பறிக்கின்றது? அவன் எக்குலத்தவனாயினும் அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமன்றோ?

கைவிட்டுப் போன நியாயம் எங்கும் போவதில்லை. நம் வாயிலுக்கே திரும்பி வரும். இன்று நம்மவர் நாற்காலியில் இருக்கின்றார் என்று நாம் முந்தினால், நாளை மற்றவர் அமர்கையில் நம் பிள்ளை பின்தள்ளப்படுவான். முறை இருந்தால் எவர் அமர்ந்தாலும் நம் பிள்ளைக்குப் பயமில்லை. ஆதலின் முறையைக் காப்பதே நம் வகுப்பாரைக் காக்கும் மெய்யான வழி. ஓமந்தூராரை ஒரு வகுப்புக்கு உரியவராகச் சுருக்கிப் பெருமை பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்குக் கோயிற் கதவைத் திறந்தவரும், ஜமீன் குடிகளுக்கு நிலத்தில் உரிமை தந்தவரும் எல்லார்க்கும் உரியவரே.

இனிச் செய்யத்தக்கவை சில கூறி முடிக்கின்றோம். முதலாவது, நம் சங்கத்துக் கணக்கு ஆண்டுதோறும் பொதுக் கூட்டத்தில் வரி வரியாகப் படிக்கப்பட்டு, இப்பத்திரிகையில் அச்சிடப்படுதல் வேண்டும். உத்தரமேரூரார் வழியில், கணக்குக் காட்டாதவர் மறுமுறை நிர்வாகத்திற்கு நிற்கலாகாது என்று விதி செய்தல் வேண்டும். சொந்த வீட்டில் விளக்கேற்றாதவன் சர்க்கார் வீட்டில் இருள் என்று குறை கூறல் பொருந்தாது. இரண்டாவது, உத்தியோகத்திற்காகவோ மாற்றலுக்காகவோ சங்கத்தின் பெயரால் எவருக்கும் சிபாரிசுக் கடிதம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் இயற்றுதல் நலம். மூன்றாவது, அச்சிபாரிசுக்குச் செலவாகும் பொழுதையும் பொருளையும் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசகசாலையும் ஆசிரியரும் அமைப்பதில் செலவிடுவோம். பெண்பிள்ளைகளுக்கும் அதில் சரிபாதி இடம் இருக்கட்டும். அக்கதவு எவ்வகுப்புப் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும். நான்காவது, மாதம் ஒருமுறை இங்கே அமர்ந்து, தகவல் உரிமை மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்க நம் இளைஞர் சிலர் முன்வரட்டும். ஐந்தாவது, கிராம சபைக் கூட்டத்திற்குத் தவறாது சென்று, ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

இவற்றால் நமக்கு நட்டம் இல்லாமலில்லை. சிபாரிசு தராத சங்கத்தால் என்ன பயன் என்று சிலர் சந்தாவை நிறுத்தக்கூடும். ஓமந்தூராருக்கு நேர்ந்ததும் அதுவே. அவருக்குப் பிரதம மந்திரிப் பதவி போயிற்று. நமக்குச் சில சந்தாக்கள் போகும். அவர் கொடுத்த விலையை நோக்க இது மிகச் சிறிது. அவ்விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் அவர் சிலைக்கு மாலையிடுவதில் பொருளில்லை.

தனி மனிதனின் தூய்மை வித்து. சட்டமும் ஆணையமும் வேலி. குடிகளின் விழிப்பு நீர். வித்து இவ்வூரிலேயே விளைந்தது. வேலி குறையுடையதாயினும் நிற்கின்றது. நீர் வார்ப்பது நம் கையில் உள்ளது.  தீர்மானங்களை அடுத்த பொதுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அக்கிராசனர் அவர்களை வேண்டி அமர்கின்றோம்.